பழைய கணினியில் ஃப்ளாப்பி வழியாக லினக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

386, 486, முதல் தலைமுறை பென்டியம். மெமரி 4 எம்பியிலிருந்து 16 எம்பி வரை. சிடி டிரைவ் கிடையாது, இருந்தாலும் அதிலிருந்து பூட் ஆகாது. யூஎஸ்பி கிடையாது. உள்ளே போக இருக்கும் ஒரே வாசல் ஃப்ளாப்பி டிரைவ். இப்படிப்பட்ட இயந்திரத்தை எடைக்குப் போட மனம் வராமல் அதில் லினக்ஸ் ஏற்ற நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

என்னுடையது 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி மெமரி, 420 எம்பி ஹார்ட் டிஸ்க். அதில் ஓடுவது 1998இல் வந்த ஸ்லாக்வேர் 3.6, லினக்ஸையும் அதற்கான நிரல்களையும் ஒன்றாகக் கட்டித் தரும் விநியோகங்களில் ஒன்று. அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி ஸ்லாக்வேரை வைத்தே இருக்கும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

இன்றைய லினக்ஸையே போடக்கூடாதா? எதற்குப் பழையது?

போட முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியதே ஒரு 386இல்தான். ஆனால் 2013இல் வந்த 3.8 கர்னலோடு (கர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு) 386க்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். டெபியன் என்ற இன்னொரு விநியோகம் 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் பிசிகளுக்கான நிறுவியே கிடையாது. அதற்கும் மேலே அளவுப் பிரச்சினை இருக்கிறது. இன்றைய பொதுவான விநியோகம் ஒன்றின் கர்னல் கோப்பு மட்டுமே பல எம்பி வரும். ஒரு ஃப்ளாப்பியில் இருப்பது 14,74,560 பைட். கர்னலே உள்ளே போகாது.

ஒரு ஃப்ளாப்பிக்குள் புதிய கர்னலை அடைத்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2021இல் வந்த ஃப்ளாப்பினக்ஸ் அப்படிப்பட்டது. அருமையான வேலை, ஆனால் தினமும் உட்கார்ந்து புழங்க அது போதாது. இயந்திரம் எந்தக் காலத்ததோ அந்தக் காலத்து லினக்ஸை ஏற்றுவதே சரி. அதைத் தேடி அலையவும் வேண்டாம். ஸ்லாக்வேரின் மிரர் தளங்களிலும் டெபியனின் ஆவணக் கிடங்கிலும் 1990களின் வெளியீடுகள் அப்படியே இருக்கின்றன.

என் மெமரிக்கு எது பொருந்தும்?

4 எம்பி என்றால் முதலில் பேசிக்லினக்ஸ் என்ற குட்டி விநியோகத்தைப் பாருங்கள். 386உம் 3 எம்பி மெமரியும் போதும் என்ற கணக்கில் செய்தது. பழைய பிசி இயங்குதளமான டாஸிலிருந்தே கிளப்பலாம். 8 எம்பிக்கு ஸ்லாக்வேர் 3.x. 16 எம்பி இருந்தால் ஸ்லாக்வேர் 4.0 அல்லது 7, இல்லை டெபியன் 2.2, 3.0.

ஏன் டெபியனைக் கடைசியில் வைக்கிறேன் என்றால், அதன் தொகுப்பு மேலாளரான ஆப்ட் ஆயிரக்கணக்கான தொகுப்புகளின் பட்டியலைப் படித்து, எதற்கு எது வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகே எதையும் செய்யும். மெமரி குறைவான இயந்திரத்தில் அந்தக் கணக்கு முடிவதற்குள் நாம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஸ்லாக்வேரின் தொகுப்பு என்பது சுருக்கிய தார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது), கூடவே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். விரித்து உரிய இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. எது எதைச் சார்ந்தது என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சின்ன இயந்திரத்தில் அது பாரமில்லை.

"4 எம்பி போதும்" என்று போட்டிருந்தது. என்னிடம் 8 இருந்தும் நிறுவும்போது நின்றுவிடுகிறது. ஏன்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

நிறுவி முடித்த லினக்ஸுக்குத் தேவையான மெமரியைவிட, நிறுவுவதற்குத் தேவையான மெமரி அதிகம். காரணம் ரேம்டிஸ்க். பூட் ஃப்ளாப்பியில் கர்னல் மட்டும்தான் இருக்கும். அது ஏறியதும் ரூட் ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும். அந்த ரூட் ஃப்ளாப்பியில் நிறுவி, கட்டளைகளை ஏற்கும் ஷெல், டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் எல்லாம் சுருக்கி அடைத்திருக்கும். அது விரிந்தால் இரண்டு மூன்று மடங்காகும். விரிந்த பொருள் முழுவதும் மெமரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரு ஹார்ட் டிஸ்க் போல. அதைப் பிடித்து ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது உதவும் ஹார்ட் டிஸ்க் இடம்) வெளியே தள்ளவும் முடியாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 8 எம்பியில் கர்னல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவில் இருக்கும் 384 கேபி திரை அட்டைக்கும் பயாஸுக்கும் போய்விடும். ரேம்டிஸ்க் ஒரு பெரிய துண்டைக் கொண்டுபோகும். மிச்சத்தில்தான் நிறுவி ஓட வேண்டும், தொகுப்புகளை விரிக்க வேண்டும், 400 எம்பி டிஸ்க்கை வடிவமைக்க வேண்டும். போதவில்லை என்றால் கர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். திரையில் எதுவும் சொல்லாமல் நிறுவி பழைய பட்டியலுக்குத் திரும்பினாலோ, அப்படியே உறைந்து நின்றாலோ, பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

சரி, தீர்வு?

ஸ்வாப். நிறுவியைத் தொடுவதற்கு முன்பே அதைக் கையால் தயார்செய்து, இயக்கிவிடுங்கள்.

ரூட் ஃப்ளாப்பி ஏறியதும் ரூட் என்று நுழையுங்கள். செட்அப் கட்டளையை உடனே அடிக்க வேண்டாம். முதலில் எஃப்டிஸ்க்கை ஓட்டி இரண்டு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) போடுங்கள். முதலாவது லினக்ஸுக்கு. இரண்டாவது 16 எம்பி போல ஸ்வாப்புக்கு, அதன் வகை எண்ணை 82 என்று மாற்றுங்கள். எழுதிவிட்டு வெளியே வாருங்கள். ஸ்வாப்பை வடிவமைக்கும் எம்கேஸ்வாப்பை எச்டிஏ2 மேல், அதாவது முதல் டிஸ்க்கின் இரண்டாவது பார்ட்டிஷன் மேல், ஓட்டுங்கள். டிஸ்க் பழையதாக இருக்கும் என்பதால் சி என்ற விருப்பத்தையும் சேருங்கள், கெட்ட இடங்களைச் சோதித்துக்கொண்டே போகும். பிறகு ஸ்வாப்ஆன். ஃப்ரீ கட்டளை ரூட் ஃப்ளாப்பியில் இருந்தால் அடித்துப் பாருங்கள். ஸ்வாப் வரியில் எண் தெரிந்தால் மூச்சு விடலாம்.

இப்போது செட்அப். அது ஸ்வாப் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, "இதை எம்கேஸ்வாப் செய்யட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்வாப்பை மறுபடி வடிவமைத்தால் காலடி மண்ணை நாமே வெட்டி எடுத்தது போல ஆகிவிடும்.

என்னிடம் 4 எம்பிதான். ஸ்வாப் போடும் இடம் வரைகூடப் போக முடியவில்லை.

அப்படியானால் ரேம்டிஸ்க்கே வேண்டாம். அதன் இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை வையுங்கள். முதலில் பேசிக்லினக்ஸை டாஸ் பார்ட்டிஷனிலிருந்து கிளப்புங்கள். அதன் ரூட் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதால் ஃப்ளாப்பி டிரைவ் சும்மா இருக்கும். எஃப்டிஸ்க்கில் ஸ்வாப்போடு கூட 8 எம்பி அளவில் ஒரு சின்ன பார்ட்டிஷனையும் போடுங்கள், எச்டிஏ3 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாக்வேரின் ரூட் ஃப்ளாப்பியை டிரைவில் செருகி, சுருக்கியதை விரிக்கும் ஜிஜிப் மூலம் எஃப்டி0ஐ (முதல் ஃப்ளாப்பி டிரைவ்) விரித்து, வெளிவருவதை நேராக எச்டிஏ3க்குள் ஓட விடுங்கள். கடைசியில் "மிச்சக் குப்பை இருக்கிறது" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வரும். ஃப்ளாப்பியின் காலி இடத்தைத்தான் அப்படிச் சொல்கிறது, பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஸ்லாக்வேர் பூட் ஃப்ளாப்பியில் கிளம்பி, பூட் என்று கேட்கும் இடத்தில் மவுண்ட் என்று அடித்து, ரூட் எச்டிஏ3 என்று குறிப்பிடுங்கள். மெமரியில் எதையும் விரிக்காமல் நிறுவி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடும். எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சின்ன பார்ட்டிஷனை இரண்டாவது ஸ்வாப்பாக்கிக்கொள்ளலாம்.

இமேஜ் கோப்பை ஃப்ளாப்பியில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லையே?

காப்பி செய்யக்கூடாது, எழுத வேண்டும். இமேஜ் என்பது ஃப்ளாப்பியின் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை உள்ள பைட்டுகளின் அச்சு. அதை எழுத டாஸில் ராரைட், லினக்ஸில் டிடி. தொகுப்புகள் இருக்கும் ஃப்ளாப்பிகளுக்கு இந்த விதி இல்லை. ஸ்லாக்வேர் 3.x தொகுப்புகளின் பெயர்கள் டாஸின் எட்டு எழுத்து எல்லைக்குள் இருக்கும். ஏ1, ஏ2 என்ற ஒவ்வொரு அடைவும் ஒரு ஃப்ளாப்பி அளவுக்குப் பிரித்தது. அவற்றைச் சாதாரணமாக டாஸ் ஃப்ளாப்பியில் காப்பி செய்தால் போதும்.

ஃப்ளாப்பிகள் பாதியில் பிழை காட்டுகின்றன. புதிதாக வாங்கலாமா?

"புதிது" என்று விற்பதும் பழையதுதான். சோனி 2011இல் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. நான் ஒருமுறை உறை பிரிக்காத பெட்டி ஒன்று வாங்கினேன். பத்தில் மூன்றுதான் தேறியது. அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

டிரைவில் போடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். உலோக மூடியை விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, பின்புறம் இருக்கும் வட்டத் தகட்டை மெல்லச் சுற்றுங்கள். உள்ளே தெரியும் பழுப்புப் படலம் ஒரே சீராக மினுங்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ, பனி படிந்தது போன்ற வட்டமோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவுக்குள் பல வருடம் கிடந்தவற்றில் இது சகஜம். அதை எக்காரணம் கொண்டும் டிரைவில் போடாதீர்கள். அந்த அழுக்கு டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மேல் தலையையும் கீழ் தலையையும் அழுத்தாமல் துடைத்து, காய விட்டுப் பிறகு தொடருங்கள்.

அடுத்தது வடிவமைப்பு. டாஸில் ஃபார்மட் கட்டளையோடு யு என்ற விருப்பத்தைச் சேர்த்து முழுமையாக வடிவமைக்க வேண்டும். விரைவு வடிவமைப்பு எதையும் சோதிப்பதில்லை. ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அந்த ஃப்ளாப்பி இமேஜுக்கு உதவாது. டாஸ் கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் டாஸ் கெட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். இமேஜுக்குத் தாண்டத் தெரியாது.

எழுதிய பிறகு திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். லினக்ஸில் சிஎம்பி கட்டளையில் இமேஜையும் எஃப்டி0ஐயும் கொடுத்தால் போதும். இமேஜ் ஃப்ளாப்பியைவிடச் சின்னதாக இருந்தால், இமேஜ் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லும், அது சரியே. ஒப்பிடும் முன் ஃப்ளாப்பியை ஒருமுறை வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் மெமரியில் தங்கிய பிரதியோடு ஒப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

காதும் வேண்டும். நல்ல ஃப்ளாப்பி படிக்கப்படும்போது "டக், டக், டக்" என்று ஒரே தாளத்தில் தலை நகரும். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, ஒரு பக்கத்துக்கு 80 தடம். தடங்கலே இல்லாவிட்டால் முழு ஃப்ளாப்பியும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே முடிய வேண்டும், நடைமுறையில் ஒரு நிமிடம் ஆகும். தாளம் நின்று, "கர்ர்... டக்" என்று தலை ஆரம்பத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுமுயற்சி நடக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். மூன்று முறை கேட்டால் அந்த ஃப்ளாப்பியை ஒதுக்கிவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு கணினியில் எழுதியது இன்னொன்றில் படிக்கவில்லையா? இரண்டு டிரைவ்களின் தலைகளும் ஒரே கோட்டில் இல்லை. படிக்கப்போகும் டிரைவையே கழற்றி எடுத்துப்போய், எழுதும் கணினியில் மாட்டி எழுதுங்கள்.

ஸ்லாக்வேருக்கு எத்தனை ஃப்ளாப்பி வேண்டும்?

பூட்டுக்கு ஒன்று, ரூட்டுக்கு ஒன்று. ஏ வரிசை அடிப்படை அமைப்பு, அதற்குப் பத்துப் பன்னிரண்டு கையில் இருந்தால் திண்டாட வேண்டாம். ஐடிஈ டிஸ்க்குக்கு பேர்.ஐ என்ற பூட் இமேஜ், ரூட்டுக்கு கலர் அல்லது டெக்ஸ்ட்.

ஆனால் அத்தனை நல்ல ஃப்ளாப்பி யாரிடம் இருக்கிறது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் 40 எம்பி போல டாஸ் பார்ட்டிஷன் ஒன்று விட்டுவைப்பேன். தேறிய மூன்று ஃப்ளாப்பிகளையே மாற்றி மாற்றிப் போட்டு, டாஸிலேயே ஏ1, ஏ2 அடைவுகளை ஒவ்வொன்றாக அந்தப் பார்ட்டிஷனில் இறக்கிவிடுவேன். பிறகு நிறுவியில் "ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனிலிருந்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. நிறுவும் நடுவில் ஃப்ளாப்பி கழுத்தறுக்கும் என்ற பயமும் இல்லை. எம்எஸ்-டாஸ் 6 வைத்திருப்பவர்கள் அதிலுள்ள இன்டர்லிங்க் மூலம், பேரலல் போர்ட் கேபிளில் இரண்டு கணினிகளை இணைத்து இதையே இன்னும் சுலபமாகச் செய்யலாம்.

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் எழுதலாமா?

சாதாரண 1.44 எம்பி இமேஜ்களை எழுதலாம். லினக்ஸில் அது எஃப்டி0 என்று வராது, எஸ்டிஏ, எஸ்டிபி என்று யூஎஸ்பி குச்சி போல வரும். எந்த எழுத்து என்று இரண்டு முறை பார்த்துவிட்டு டிடி அடியுங்கள், இல்லையென்றால் உங்கள் புது மடிக்கணினியின் டிஸ்க்கில் எழுதிவிடும். 1.68, 1.72 எம்பி இமேஜ்கள் யூஎஸ்பி டிரைவில் எழுதப்படாது. அதற்குத் தாய்ப்பலகையில் நேராக இணையும் பழைய டிரைவ்தான் வேண்டும்.

1.44 ஃப்ளாப்பியில் 1.72 எப்படி?

வழக்கமாக ஒரு தடத்தில் 18 செக்டர், 80 தடம். செக்டர்களுக்கு இடையே விடும் இடைவெளியைக் குறைத்தால் 21 செக்டர் வைக்கலாம். 80ஐத் தாண்டி இன்னும் இரண்டு தடம் வரை பெரும்பாலான டிரைவ்களின் தலை போகும். 82 தடம், 21 செக்டர், இரண்டு பக்கம், 512 பைட்: பெருக்கினால் 17,63,328. டாம்ஸ்ஆர்டிபிடி என்ற மீட்பு ஃப்ளாப்பி இப்படித்தான் ஒரு முழு லினக்ஸ் பெட்டியையே ஒற்றை ஃப்ளாப்பியில் கொண்டுவந்தது. மைக்கேலே ஆண்ட்ரெயோலியின் மியூலினக்ஸும் இதே வழி. அது கூடுதல் ஃப்ளாப்பிகளாக எக்ஸ் சாளரம் (லினக்ஸின் வரைகலைத் திரை) வரை கொடுத்தது.

இந்த இட நெருக்கடி ஒரு பெரிய விஷயத்துக்கு விதை போட்டது. டெபியனின் நிறுவியும் மீட்புக் கருவிகளும் ஒரே ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் எழுதியதுதான் பிஸிபாக்ஸ். எல்எஸ், சிபி, மவுண்ட் எல்லாம் தனித்தனி நிரலாக இல்லாமல் ஒரே நிரலுக்குள், எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அந்த வேலையைச் செய்யும்படி அமைத்தார். இன்று எத்தனையோ வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடுவது அதுதான். ஃப்ளாப்பியின் 1.44 எம்பி எல்லையை நினைத்தால் எனக்கு எரிச்சலைவிட மரியாதைதான் அதிகம் வருகிறது.

"கம்ப்ரஸிங்" பற்றி ஏதோ வந்து, சிஆர்சி எரர் என்று நின்றுவிட்டது.

"அன்கம்ப்ரஸிங் லினக்ஸ்" என்று வந்த பிறகு சிஆர்சி (தரவு சிதைந்ததா என்று பார்க்கும் சோதனை) பிழை என்றால், கர்னல் விரிந்தது சரியாக வரவில்லை. முதலில் வேறு ஃப்ளாப்பியில் எழுதிப் பாருங்கள். அதிலும் அதே பிழை என்றால் மெமரி மேல் சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86இன் பழைய பதிப்பு ஃப்ளாப்பியிலிருந்தே ஓடும். ஓர் இரவு ஓட விடுங்கள். பாதிச் சமயம் சிம்முகளை (மெமரி அட்டைகளை) கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் திரும்பப் போட்டாலே சரியாகிவிடும்.

சில பழைய மடிக்கணினிகளில் கர்னல் ஏறியதும் அப்படியே மறுபடி பூட் ஆகும். 1 எம்பிக்கு மேலே ஏறும் பிஜிஇமேஜ் வகைக் கர்னல் அவற்றுக்கு ஒத்துவராது. கீழே ஏறும் ஜிஇமேஜ் வகை வேண்டும். டெபியன் இதற்கென்றே டெக்ரா என்ற பெயரில் தனி ஃப்ளாப்பி கொடுத்தது.

மெமரி கூட்டலாமா? எதை வாங்குவது?

முடிந்தால் கட்டாயம் கூட்டுங்கள். 4 எம்பியை 8 ஆக்கும் வித்தியாசம், வேறு எந்தச் செலவும் தராத வித்தியாசம். 30 முனை சிம் என்றால் 486இல் நான்கு நான்காகப் போட வேண்டும், 386 எஸ்எக்ஸில் இரண்டிரண்டாக. 72 முனை சிம் 486இல் ஒன்றே போதும், பென்டியத்தில் ஜோடியாக வேண்டும். பழைய 486 பலகைகளுக்கு ஈடிஓ வகை வேண்டாம், ஃபாஸ்ட் பேஜ் வகை வாங்குங்கள்.

பலகையைத் திறந்த கையோடு ஒன்று செய்யுங்கள். நீல நிற உருளை போன்ற பேட்டரி பலகையில் பற்றவைத்திருந்தால் அதை இன்றே வெட்டி எடுங்கள். அது கசிந்தால் பக்கத்திலுள்ள செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். நல்ல பலகைகள் பல இப்படித்தான் போயின.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, புதுக் கணினியில் மாட்டி நிறுவிவிட்டால் என்ன?

நல்ல வழிதான். ஆனால் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, இன்றைய எம்கேஈ2எஃப்எஸ் இயல்பாகப் போடும் கோப்பு முறையில் பழைய 2.0 கர்னலுக்குத் தெரியாத அம்சங்கள் இருக்கும். அம்சம் எதுவும் வேண்டாம், பழைய திருத்தம் 0 என்று சொல்லி வடிவமைக்க வேண்டும். இரண்டாவது, இன்றைய எம்கேஸ்வாப் போடும் ஸ்வாப்பையும் 2.0 கர்னல் ஏற்காது. அதன் பழைய வகை ஸ்வாப்புக்கு 128 எம்பி என்ற எல்லை வேறு இருக்கிறது. இரண்டையும் பழைய இயந்திரத்திலேயே செய்துகொள்வது நிம்மதி.

மூன்றாவதுதான் பலரை வதைக்கும். டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் திரையில் எல், ஐ என்ற இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். லினக்ஸை பூட் செய்யும் லைலோ என்ற நிரல் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்துக்கொண்டே ஏறும். எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கே கோளாறு. எல், ஐ என்று நின்றால் இரண்டாம் கட்டத்தை ஓட்ட முடியவில்லை, பெரும்பாலும் இரண்டு பயாஸ்களும் டிஸ்க்கின் அமைப்பை வேறு வேறாகக் கணக்கிட்டதால். பூட் ஃப்ளாப்பியைப் போட்டு, மவுண்ட், ரூட் எச்டிஏ1 என்று சொல்லி உங்கள் சொந்த அமைப்புக்குள் நுழையுங்கள். அங்கிருந்து லைலோ கட்டளையை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். டிஸ்க் 504 எம்பியைவிடப் பெரிது என்றால் கர்னல் இருக்கும் பார்ட்டிஷன் முதல் 1024 சிலிண்டருக்குள் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜ இயந்திரத்தைத் தொடும் முன் க்யூஈஎம்யூ என்ற போலிக் கணினி நிரலில் 8 எம்பி மெமரி கொடுத்து ஒருமுறை முழுவதும் ஒத்திகை பாருங்கள். கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்று கைக்குப் பழகிவிடும்.

என்னிடம் இருப்பது 286.

லினக்ஸ் ஓடாது. அதற்கு 386இன் மெமரி மேலாண்மை வேண்டும். ஈஎல்கேஎஸ் என்ற குட்டி உறவுக்காரர் இருக்கிறது, 8086இலும் ஓடும், இன்றும் பராமரிக்கிறார்கள். அதைப் போட்டுப் பாருங்கள்.

நிறுவியாயிற்று. ஆனால் ஆமை வேகம்.

எட்சி அடைவுக்குள் இருக்கும் இனிட்டேப் கோப்பைத் திறங்கள். ஆறு திரைகளுக்கு ஆறு கெட்டி (உள்நுழைவு கேட்கும் நிரல்) ஓடிக்கொண்டிருக்கும். இரண்டை விட்டு மீதியை அடைத்துவிடுங்கள். சென்ட்மெயில், அச்சுச் சேவை, என்எஃப்எஸ் எல்லாம் தேவையில்லாமல் கிளம்புகிறதா என்று ஆர்சி கோப்புகளில் பாருங்கள். பிறகு உங்களிடம் இல்லாத வன்பொருளை எல்லாம் நீக்கி ஒரு கர்னல் தொகுங்கள். இதை 486இல் செய்தால் மணிக்கணக்கில் ஆகும், ஆனால் அந்தக் கர்னல் விடுவிக்கும் ஒவ்வொரு 100 கேபியும் உங்களுக்கே திரும்ப வரும்.

இதில் தமிழ் தெரியுமா?

எழுத்துத் திரையில் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காண முடியாது. கர்னலின் திரை அதிகபட்சம் 512 வடிவங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், எல்லாம் ஒரே அகலக் கட்டத்தில். "கொ" என்று எழுத ககரத்தின் இரு பக்கமும் குறி வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய அங்கே ஆள் இல்லை. டிஸ்கி போன்ற அந்தக் காலத்து 8 பிட் குறியேற்றங்கள் ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்பே சேமித்ததால் இடமாற்றம் தேவைப்படவில்லை. எக்ஸ் ஓடும் அளவு மெமரி இருந்தால் அவற்றுக்கான எழுத்துருவைப் போட்டுப் பார்க்கலாம்.

இணையத்தில் உலவலாமா?

நேராக இணைக்காதீர்கள். அந்தக் காலத்து சேவைகளில் இருக்கும் ஓட்டைகள் ஊரறிந்தவை, திருத்தவும் ஆள் இல்லை. லிங்க்ஸ் உலாவி ஓடும், ஆனால் இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்கம் அதற்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே, ரவுட்டருக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் கேபிளில் இன்னொரு லினக்ஸ் கணினியோடு இணைத்தால் அருமையான டெர்மினல் கிடைக்கும். என்னுடையதில் நான் அதிகம் செய்வது, விஐயில் எழுதுவதும் ஜிசிசியில் சின்னச் சின்ன சி நிரல்களைத் தொகுத்துப் பார்ப்பதும். ஒரு நிரல் எவ்வளவு மெமரி தின்கிறது என்று அங்கேதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது.

ஃப்ளாப்பி டிரைவே செத்துவிட்டது. இனி வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் டிரைவின் பட்டையைப் பாருங்கள். சில டிரைவ்களில் சுழற்றும் ரப்பர் பட்டை தளர்ந்து போயிருக்கும், அதை மாற்றினால் பிழைக்கும். கேபிளைத் திருப்பிப் போட்டிருந்தால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், அதையும் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் கோடெக் என்ற ஃப்ளாப்பி எமுலேட்டர் வாங்கிக்கொள்ளலாம். அதே கேபிள், அதே மின் இணைப்பு, ஃப்ளாப்பிக்குப் பதில் யூஎஸ்பி குச்சி. அதில் கீர் ஃப்ரேசரின் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேரை ஏற்றினால் இமேஜ் கோப்புகளைக் குச்சியில் போட்டுவைத்து, பொத்தானை அழுத்தி பூட், ரூட், ஏ1, ஏ2 என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். பழைய கணினிக்கு வித்தியாசமே தெரியாது. செத்த டிரைவைத் தூக்கி எறியாதீர்கள், அதன் முகப்பும் திருகுகளும் இன்னொன்றுக்கு உதவும்.